ஜன்னலோர நாற்காலி

“அங்கே வேண்டாங்க. ஜன்னலோரமா உட்காருங்க. காத்து என் முதுகுப் பக்கமிருந்து வந்து, உங்களைத் தாண்டி வெளியே போகணும்” என்றாள் மனைவி.

“ஒத்திகைக்குக்கூடவா காத்து பார்க்கணும்?” தையல்காரர் சிரித்துக்கொண்டே நாற்காலியை நகர்த்தினார்.

“காசநோய்ப் பயிற்சியில முதல் பாடமே அதுதான்.”

நோயாளியிடம் பேசும் தேர்வில் போன தடவை அவள் கோட்டை விட்டிருந்தாள். எடுத்த எடுப்பிலேயே “உங்களுக்கு டி.பி.” என்று போட்டு உடைத்ததில், நோயாளியாக நடித்த டீச்சரே ஆடிப்போய்விட்டார். மறுதேர்வு வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போய்விட்டதாம். இதிலும் தவறினால் சுகாதார நிலைய வேலை கிடைக்காது. ஒத்திகை தொந்தரவில்லாமல் நடக்கட்டும் என்று மகளைக்கூடச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

“நீங்க லாரி டிரைவர். வயசு நாப்பது. கல்யாணம் ஆகல.”

“கொடுத்து வச்ச மனுஷன்” என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது.

அவள் சிரிக்கவில்லை. கையேட்டை மடியில் வைத்துக்கொண்டாள். “அண்ணே, உங்க சளிப் பரிசோதனை முடிவு வந்திருக்கு.”

“கட்டின புருஷனை அண்ணேங்கிறியே.”

“டிரைவரைச் சொல்றேன். காசநோய்னு காட்டுது. பயப்படாதீங்க, ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டா குணமாயிரும்.”

“ஆறு மாசமும் கடையை மூடணுமா?”

லாரி டிரைவருக்கு ஏது கடை? அவள் திருத்தவில்லை.

“வேண்டாம். மாத்திரை ஆரம்பிச்சு சில வாரத்துல அடுத்தவங்களுக்குப் பரவுறது குறைஞ்சிரும். டாக்டர் சரின்னதும் கடைக்குப் போகலாம்.”

“எம் பொண்ணு எப்பவும் என் மடியிலதான் கிடப்பா.”

“அவளுக்கும் பரிசோதனை பண்ணிருவோம். அவளுக்கு வராம தடுக்கவும் மாத்திரை இருக்கு.” கல்யாணமாகாதவருக்குப் பெண் எங்கிருந்து வந்தாள் என்றும் அவள் கேட்கவில்லை.

தையல்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “வீட்டுல இருக்கறவ படிப்பை விட்டுட்டு எனக்குப் பணிவிடை பண்ண உட்கார்ந்துட்டா?”

“விடமாட்டா. தினமும் மாத்திரையை உங்க கையில குடுத்து, நீங்க முழுங்கறதைப் பார்த்துட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவா.”

அவருக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய் ஆணியில் தொங்கிய தன் பழைய சட்டையின் பைக்குள் கைவிட்டார். “உன் பரீட்சை முடியட்டும்னுதான் சொல்லாம இருந்தேன்” என்றார். பையில் ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை துழாவினார்.

அவள் கையேட்டுக்குள்ளிருந்து, நான்காக மடித்த பரிசோதனைச் சீட்டை எடுத்து நீட்டினாள். அதில் அவருடைய பெயர் இருந்தது.

“பரீட்சை தள்ளிப் போகலைங்க. பாஸாயிட்டேன்னு சொல்லத்தான் வெள்ளிக்கிழமை ஓடி வந்தேன், துவைக்க எடுத்த சட்டையில இது இருந்துச்சு” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “என்னோட முதல் நோயாளி நீங்கதான்.”