அண்ணன் ஏறிட்டானா?

தண்ணீரில் கிடந்த வரைக்கும் வாய் ஓயாமல் பேசிய மனிதர், கப்பல் தளத்துக்கு வந்ததும் எப்படிச் செத்துப்போனார் என்று துணைக் கேப்டனுக்கு விளங்கவில்லை. கவிழ்ந்த படகின் சொந்தக்காரர் அவர். கக்கத்தில் கயிறு மாட்டி, கிணற்று வாளியைப் போல நேராக இழுத்தார்கள். "மெதுவா இழுங்கய்யா, நான் என்ன மூட்டையா?" என்று வைதார். கால்கள் தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் வசவு நின்றது. இப்போது வாய் திறந்து கிடக்கிறார். வாயில் ஒரு சொட்டுக் கடல்நீர்கூட இல்லை. கீழே, சாம்பல் நிறக் குளிர்நீரில், மிதவைச் சட்டையோடு அவருடைய தம்பி.

"அண்ணன் ஏறிட்டானா?"

"ஏறிட்டாருப்பா," என்கிறார் கப்பலின் சமையல்காரர், பிணத்துக்கு முதுகைக் காட்டியபடி.

"திட்டுறானா?"

"வண்டி வண்டியா."

தம்பியின் நீலம் பாரித்த உதடுகள் சிரிக்கின்றன. அதே கயிறு அவனை நோக்கி இறங்குகிறது. பிணத்தின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்த துணைக் கேப்டன், "நிறுத்து!" என்று கத்துகிறார்.

"ஏன், எனக்கு மட்டும் கயிறு கிடையாதா?"

துணைக் கேப்டனுக்கு இப்போது விளங்குகிறது: இவ்வளவு நேரமும் கடல்தான் அண்ணனின் கால்களை இறுக்கிப் பிடித்து, ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. நேராகத் தூக்கியதும் அந்தப் பிடி விட்டது. ரத்தமெல்லாம் கால்களுக்கு இறங்க, குளிரில் சோர்ந்த இதயம் தண்ணீர் வற்றிய பம்பைப் போல வெறுமனே அடித்து நின்றுபோனது. கடலில் பிழைத்தவரைக் கயிறு கொன்றிருக்கிறது. முதலிலிருந்தே தளத்தின் ஓரத்தில் சுருட்டிக் கிடந்த சரக்கு வலையை இறக்குகிறார்கள். தம்பியை அதில் கிடத்தி, தலையும் காலும் ஒரே மட்டத்தில் இருக்க, படுத்த வாக்கிலேயே தூக்குகிறார்கள். வரும் வழியெல்லாம் அவன் அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறான்.