இரண்டு கட்டை கீழே

"உங்க தம்பி உங்களை நல்லா ஏமாத்திக்கிட்டு இருக்கார், மேடம்" என்றார் கிதார்காரர். குழுவில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. காது மட்டும் படு கூர்மை.

பாடகிக்குச் சுருக்கென்றது. மறுநாள் மதியம் டிவியில் நேரடி நிகழ்ச்சி. மூன்று வருடமாக ஒருவரும் கூப்பிடாமல் இருந்து, அத்தி பூத்தாற்போல் வந்த வாய்ப்பு. இதுவும் கை நழுவினால் இனி அவளைச் சீந்த ஆளில்லை.

"என்ன ஏமாத்தறான்?"

"உங்க ஜன்னல் பாட்டு ரெக்கார்டுல ஆறு கட்டை. இவர் கீபோர்டுல நாலு கட்டைக்கு இறக்கி வச்சிருக்கார். சுருதி இவ்வளவு இறங்கினா பாட்டு தூங்கித்தானே வழியும்?"

ஜன்னல் பாட்டு, அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, இருபத்து மூன்று வயதில் பாடியது. ஒரு காலத்தில் அது ஒலிக்காத பேருந்தே கிடையாது. தன் பழைய பதிவைத் தானே போட்டுக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. இன்று செல்போனில் போட்டுக் கேட்டாள். பிறகு தம்பியின் கீபோர்டைத் தட்டிப் பார்த்தாள். கிதார்காரர் சொன்னது நிஜம்தான்.

கூட்டம் ஏன் குறைந்தது, கைதட்டல் ஏன் செத்துப்போனது என்று இத்தனை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாளே!

சாப்பிடப் போயிருந்த தம்பி ஒத்திகை அறைக்குள் வந்தான்.

"நீதான் இறக்கினியா?"

அவன் கிதார்காரரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"ஆமாக்கா."

"எத்தனை வருஷமா?"

"எட்டு."

"எட்டு வருஷமா என் கழுத்தை அறுத்திருக்கே! அன்னிக்குக் குரல் தேர்வுல ரெண்டு பேரும்தானே பாடினோம்? என்னை எடுத்தாங்க, உன்னை எடுக்கலை. அந்த வயித்தெரிச்சல் இன்னும் தீரலையாடா?"

அவன் கீபோர்டு பக்கம் நகர்ந்தான். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"உச்ச வரி வரும்போது மைக்கை ஜனங்க பக்கம் நீட்டு, அவங்க பாடட்டும், இப்ப அதான் ஃபேஷன்னு சொன்னதும் நீதானே? என் பாட்டை நான் பாடறதுகூட உனக்குப் பொறுக்கலை!"

"அக்கா, நாளைக்கு மட்டும் நான் வாசிச்சுடறேன். அப்புறம் போயிடறேன்."

"கூடப் பிறந்த பாவத்துக்கு இத்தோட விடறேன். வெளியே போ!"

கீபோர்டைக்கூட எடுக்காமல் போய்விட்டான். கிதார்காரர் அப்போதே அதை ஆறு கட்டைக்கு ஏற்றி, தானே வாசிப்பதாகச் சொன்னார். இருந்த கோபத்தில் அவள் அன்று பாடிப் பார்க்கவில்லை. இருபது வருடம் பாடிய பாட்டுக்கு ஒத்திகை என்ன வேண்டிக்கிடக்கிறது?

மறுநாள் ஸ்டுடியோவில் முதல் இரண்டு வரியிலேயே மூச்சு முட்டியது. பதற்றம் என்று நினைத்துக்கொண்டாள். உச்ச வரி வந்தது. மைக்கை யார் பக்கமும் நீட்டாமல் தானே வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

மறுபடி முயன்றாள். தொண்டை கரகரவென்று உடைந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி சிரிப்பை அடக்கக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தொகுப்பாளர் ஓடி வந்து, "ஒரு சின்ன இடைவேளை!" என்றார்.

ஒப்பனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தம்பியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"என் குரல் எங்கேடா?"

மறுமுனையில் டிவி சத்தம் நின்றது.

"எட்டு வருஷம் முன்னாடி உனக்குத் தொண்டை ஆபரேஷன் முடிஞ்சப்பவே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாருக்கா. இனி கொஞ்சம் கொஞ்சமா குரல் இறங்கிக்கிட்டே போகும், ஒண்ணும் பண்ண முடியாதுன்னு."

"எங்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே நீ பாடறதை விட்டிருப்பே. அதான் உன் குரல் இறங்க இறங்க, உனக்குத் தெரியாம பாட்டையும் கூடவே இறக்கிக்கிட்டு வந்தேன்."