எல்லாம் நார்மல்

"அபிதாவுக்கு ஞாபகசக்தி, கவனம், எல்லாமே வயசுக்கு மேலயே இருக்கு" என்று ரிப்போர்ட்டை நீட்டினேன்.

அவள் அம்மா ஓமனா அதை வாங்கவில்லை.

"மூளைக்காய்ச்சல் வந்த பொறவு எனக்க மோளு தானா ஒண்ணும் செய்ய மாட்டா டாக்டரே. பள்ளிக்கூடத்துல அவகூட ஒரு ஆளு வைக்கணும். அதுக்கு உங்க எழுத்து வேணும்."

"பதினோரு வயசுப் பிள்ளைக்குச் சோம்பல் இருக்கும்மா. ரெண்டு மணி நேரம் டெஸ்ட் வச்சேன், ஒரு தப்பு பண்ணல. பள்ளிக்கூடம் இந்த டெஸ்ட் மார்க்கைத்தான் கேட்கும். மார்க் நல்லா இருக்கே, நான் என்னத்த எழுத?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓமனா பதறி எழுந்து ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"இங்கயே நில்லு மக்கா" என்று ஓமனா விட்டுவந்த முற்றத்திலேயே அபிதா தொப்பலாக நனைந்து நின்றாள். கையில் மடக்கிய குடை.

"குடையை விரிச்சா என்ன?" என்று கத்தினேன்.

"ஆரும் சொல்லல்லியே."

"விரி!"

சட்டென்று விரித்துத் தலைக்கு மேல் பிடித்தாள். ஒரு தப்பும் இல்லை.

'படத்தைப் பார், கட்டையை அடுக்கு, அடுத்த பக்கம் திருப்பு' என்று அந்த இரண்டு மணி நேரமும் சொல்லிக்கொண்டே இருந்தது நான்தான்.

"மார்க்கை மாத்த முடியாதும்மா" என்றேன்.

ஓமனா குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்: "அப்போ நாளைக்கு நீங்க அவகூட பள்ளிக்கூடத்துக்கு வருவியளா டாக்டரே?"