சொருகாத வயர்

ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் மதிய வேளைகளில் வாசிக்கிறோம். மனைவியின் தம்பிக்குக் கீபோர்டு, எனக்கு எலெக்ட்ரிக் வயலின். வயரைச் சொருகாவிட்டால் அதற்குக் கொசுவின் குரல்தான். சாப்பிடுகிறவர்கள் தட்டைத்தான் பார்ப்பார்கள். அந்த வருத்தமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாட்டு முடிந்து குனிந்தபோதுதான் பார்த்தேன். வயர் சுருட்டியது சுருட்டியபடி காலடியில் கிடந்தது. ஆனால் ஸ்பீக்கரில் என் வயலின் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது.

"மாப்ள, நான் வயரே சொருகலடா."

"சும்மா இருங்க மாமா. இன்னிக்குத்தான் சுருதி விலகாம வாசிச்சிருக்கீங்க."

மறுநாள் வில்லைக் கம்பியில் படவிடாமல் கையை மட்டும் ஆட்டினேன். இன்னும் நன்றாக இருந்தது. ஒரு மேசையில் கைகூடத் தட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை. வயலினை மடியில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் தைத்துக்கொண்டிருந்த மனைவி, நான் கிளம்பிவிட்டதாக நினைத்திருப்பாள். சாயங்காலம் மச்சினன் போன் செய்தான்.

"மாமா, இன்னிக்குப் பின்னிட்டீங்க! கையைக் குடுக்கலாம்னு திரும்புறதுக்குள்ள கிளம்பிட்டீங்களே."

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்க. என்ன, முகமெல்லாம் சிரிப்பா இருக்கு? உங்களை இப்படிப் பார்த்து எத்தனை வருஷமாச்சு!"

அவள் குரலிலும் சிரிப்பு இருந்தது. அதைக் கேட்டும் எனக்கு வருஷக்கணக்கு ஆகிறது.

வயலினை மேசைமேல் வைத்துவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே வந்தேன். என் செருப்பு முன்வாசலில் இருந்தது. வெறுங்காலோடு நடந்தேன்.