பதினோரு நாள் அணையாத மெஷின்

விண்கலம் சுடும் அந்தப் பழைய கேம் மெஷினை அணைத்தால், எடுத்த ஸ்கோர் அழிந்துவிடும். அதனால் மனைவியின் அண்ணன் வந்து பார்க்கும்வரை அணைப்பதில்லை என்று கணவர் பதினோரு நாளாகக் காவல் காத்தார். அதன் பக்கத்தில் தும்மக்கூட யாருக்கும் அனுமதி இல்லை.

ஒருவழியாக மச்சான் வந்தார்.

"புது கேம் ஒண்ணு வாங்கியிருக்கேன், மாப்ளே. குதிரைல ஏறி நாலு மணி நேரமா மலை மலையா சுத்துறேன், கதையே ஆரம்பிக்கல. ஆனா ஒவ்வொரு புல்லும் தனித்தனியா ஆடுது, அவ்வளவு அழகு."

"புல்லு பாக்க எதுக்கு மச்சான் கேமு? இதுல நாலே நிமிஷத்துல மூணு உயிரும் போயிடும். அதுல நின்னு காட்டணும். இங்க பாருங்க."

மச்சான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்று ஐம்பது.

"ஒத்துக்கறேன். அணைக்கவே இல்லியா?"

"பதினோரு நாளா."

"இன்னிக்கு மதியம் இந்தப் பக்கம் பூரா ஒரு மணி நேரம் கரண்ட் இல்லியே?"

மதியம் கடைக்குப் போயிருந்த கணவருக்கு அது புதுச் செய்தி. முகம் வெளுத்துவிட்டது.

டீ கொண்டுவந்த மனைவி தம்ளரை நீட்டினாள். "அண்ணன் முன்னாடி அசிங்கப்படுவீங்களேன்னு, நான்தான் ஆடி அதே நம்பரைக் கொண்டுவந்து வச்சேன்."

"நீயா? அவ்வளவு ஸ்கோரா?"

"எடுக்கறது ஒண்ணும் பெரிசில்லீங்க. அதைத் தாண்டாம சாகறதுக்குத்தான் படாத பாடு பட்டேன்."