சிவப்பு மை படாத நோட்டு

இது நான் நேரில் பார்த்ததல்ல. பெரியகருப்பனோடு ஒரே விடுதி அறையில் இருந்த பிச்சை எனக்குச் சொன்னது. இருவரும் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. படித்தார்கள்.

இங்கிலீஷ் கட்டுரை நோட்டுகளைச் சொக்கநாதன் சார் வெள்ளிக்கிழமைதோறும் திருத்தித் தருவார். எல்லார் நோட்டிலும் சிவப்பு மை. பெரியகருப்பன் நோட்டில் மட்டும் கடைசியில் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

"ஏப்பா, ஒன் இங்கிலீஷைத் திருத்த லண்டன்லேருந்துதான் ஆள் வரணும் போல!" என்று பிச்சை கேலி செய்வான்.

பெரியகருப்பனுக்கு உள்ளூரச் சந்தேகம். ஒருநாள் கேட்டேவிட்டான்.

"சார், என் நோட்டைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். இப்படியே எழுதிக்கிட்டு வா."

அப்படியே எழுதிக்கொண்டு வந்தான். இரண்டு வருஷம்.

ஆலங்குடிப் பக்கம் அவன் ஊரில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன்தான். அனுப்பும்போதே அவன் அப்பா சொல்லியிருந்தார்: "ஒரே தடவைதான். தவறுனா கடலைக் கொல்லைக்கு வந்துரணும்."

1962-இல் ரிசல்ட் வந்தது. மற்றதெல்லாம் தேறியிருந்தான். இங்கிலீஷில் பதினெட்டு மார்க்.

"வாடா, அந்த ஆளையே கேட்ருவோம். பட்டிக்காட்டான் நோட்டுதானேன்னு பிரிச்சே பாத்திருக்க மாட்டாரு." பிச்சை அவனை இழுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனான்.

பெரியகருப்பன் நோட்டை நீட்டினான்.

"இதுல தப்பே இல்லையா சார்?"

"இருக்கு."

"எத்தனை?"

"பக்கத்துக்கு இருபது இருக்கும்."

"அப்பறம் ஏன் சார் ஒரு கோடுகூடப் போடலை? நாங்கள்லாம் திருத்துறதுக்கும் லாயக்கில்லையா?"

சார் நோட்டை வாங்கிக்கொண்டார்.

"நான் வேலைக்கு வந்த முதல் வருஷம். சூசைராஜ்னு ஒரு பையன். ஒன்ன மாதிரிதான், வீட்டுல முதல் முதலாப் படிக்க வந்தவன். நோட்டு பூராச் சிவப்பா அடிச்சுக் குடுத்தேன். வகுப்பே சிரிச்சுது. ஆகஸ்ட் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை. எனக்கு மறக்காது. மறு வாரம் டி.சி. வாங்கிட்டுப் போயிட்டான்."

சார் நோட்டின் பக்கங்களைப் புரட்டினார்.

"ஒருத்தன் படிப்பை என் பேனா கெடுத்துருச்சு. அதுக்கப்பறம் அந்த மாதிரிப் பையன் நோட்டுல சிவப்பு மை வைக்க எனக்குக் கை வரலை. நீயும் போயிரக் கூடாதுன்னு நெனச்சேன்ப்பா."

"போகலை சார். இங்கதான் இருந்தேன்" என்றான் பெரியகருப்பன். "ஒண்ணும் தெரியாமலே இருந்திருக்கேன்."

"செப்டம்பர்ல திரும்ப எழுது. தினம் வா. எல்லாத்தையும் திருத்தித் தாரேன்."

"நாளைக்குக் காலையில பஸ் சார். அப்பா வரச் சொல்லிட்டாரு."

அவன் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"நல்லாத் திட்டிப்புடணும்னுதான் போனேன். திட்ட வாய் வரலை" என்றான் பிச்சை என்னிடம்.

போன மாதம், என் சான்றிதழுக்காக அதே கல்லூரி அலுவலகத்தில் காத்திருந்தேன். மனசு கேட்கவில்லை. குமாஸ்தாவிடம் கெஞ்சிப் பழைய டி.சி. மனுக்களை வாங்கிப் புரட்டினேன். சூசைராஜின் மனு இருந்தது. தகப்பனாருக்கு ரயில்வேயில் திருச்சிக்கு மாற்றல், குடும்பத்தோடு போகிறோம், அங்கே கல்லூரியில் சேர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

தேதியைப் பார்த்தேன். அவர் நோட்டில் சிவப்பு மை விழுவதற்குப் பதினோரு நாள் முன்பே கொடுத்த மனு அது.