நாலு மணி நேரத் தூரம்

மதுரைக்குத் தெற்கே, திருவண்ணாமலை என்றே பேர்கொண்ட சிறு குன்றின் பெருமாள் கோயில் மண்டபத்துக்குள் காலை வெயில் பாதி தூரம் வந்துவிட்டது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை மாரீஸ்வரியின் தோளில் தூங்குகிறது. காது குத்த வந்த ஆசாரி, துடைத்து வைத்த கம்பியை மறுபடி எடுத்துத் துடைக்கிறார். ஜமுக்காளத்தின் நடுவே தாய்மாமனுக்குப் போட்ட மணை இன்னும் காலியாகவே கிடக்கிறது. "துபாய்ல இருந்து மதுரைக்கு நாலு மணி நேரம்தான்னு போன்ல போட்டிருக்கு. ஒங்கண்ணன் என்ன, நடந்தா வாராக?" என்று நாத்தனார் கனகலட்சுமி கேட்க, சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். "பிளைட் லேட்டு மதினி. செத்த நேரத்துல வந்துரும்" என்கிறாள் மாரீஸ்வரி. குழந்தையின் முதுகைத் தட்டும் அவள் கை மட்டும் வேகமாகிறது. முந்தானைக்குள் இருக்கும் போனில், அண்ணி விடிகாலையில் போட்ட படம் இருக்கிறது. சென்னையில் அண்ணியின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். வாசலில் பட்டு வேட்டியோடு அண்ணன் கௌதம்ராஜ் சிரிக்கிறான். அங்கிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் என்பதையும் அவள் பார்த்துவிட்டாள். "நல்ல நேரம் முடியப் போகுது. ஒங்க பக்கத்து ஆளு வேற யாராச்சும் உக்காருங்க" என்கிறார் மாமனார். அவள் பக்கத்திலிருந்து எழுந்துவர அங்கே யாரும் இல்லை. மாரீஸ்வரியே போய் மணையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறாள். "குத்துங்க" என்கிறாள். கம்பி இறங்கியதும் குழந்தை வீறிடுகிறது. பிள்ளை அழும்போது தாய் அழுதால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். அதற்காகவே காத்திருந்தவள் போல அவள் அழத் தொடங்குகிறாள்.